சுதாஜினியின் சப்பாத்து

ஒட்டுசுட்டானில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிற சுதாஜினி கவிதையும் எழுதுவாள். போன மாதம் நூலகத்தில் வாசகர் வட்டம் கூடியபோது, வெயிலில் நடக்கும் ஒரு சோடி சப்பாத்தையும் அதைத் தேடி வரும் காற்றையும் பற்றிய கவிதையொன்றை வாசித்தாள்.

"சப்பாத்து எண்டா ஆமிதான். காத்து எங்கட சனத்தின்ர மூச்சு," என்று வட்டத்தை நடத்தும் சிவகரன் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சுதாஜினி தயங்கினாள். எங்கள் கவிதைகளில் சப்பாத்து எப்போதும் வேறு யாருடைய காலிலோதான் வருகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்லை அண்ணை, அது நான் வேலைக்குப் போடுற என்ர சப்பாத்து. முகக்கவசத்துக்குள்ள வேர்த்து ஒழுகேக்க காத்து வந்தா சுகமா இருக்கும். அதைத்தான் எழுதினனான்."

சிவகரன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "இன்னொருக்கா வாசியுங்கோ தங்கச்சி," என்றார்.

அவள் எழும்பி நின்று, இந்த முறை உரத்து வாசித்தாள்.