டெரிக்கின் முதல் காசு

மெர்வின் மாப்ஸ் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிடப் பிடரிதான் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு யட்டிங் என்ற விவசாயியின் பண்ணைக்குப் போய்விடுவார். பதினேழு வருடத்தில் அந்த வயல் அவருக்குக் கொடுத்தது பித்தான்களும் ஈயக் குண்டுகளும் குதிரைச் சேணத்துக் கொக்கிகளும்தான். அதில் அவருக்குக் குறையே இல்லை.

பக்கத்து வீட்டு டெரிக் தர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி ஹில்டா பிப்ரவரியில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு டெரிக் வெளியே வருவதே இல்லை. திரைச்சீலை விலகுவதில்லை, வாசலில் பால் புட்டிகள் சேர்ந்துபோய்க் கிடந்தன.

"அந்த மனுஷனை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றாள் மெர்வினின் மனைவி பாலின். "நான் கொடுத்தனுப்புற சாப்பாட்டையே ரெண்டு வாரமாத் தொடாம வச்சிருக்காரு."

செப்டம்பரில், கோதுமை அறுத்து முடிந்த மறு ஞாயிறு, மெர்வின் தன் பழைய டிடெக்டரை எடுத்துக்கொண்டு போய் டெரிக்கின் கதவைத் தட்டினார்.

"உன் திருப்திக்காக வர்றேன், மெர்வ். அரைமணி நேரம்தான். அப்புறம் என்னைக் கொண்டாந்து விட்டுடணும்."

அறுத்த தாள்கள் பூட்ஸில் உராய, இருவரும் வயலில் இறங்கினார்கள். டெரிக் கருவியைப் புல் வெட்டுவதுபோல வீசி வீசி நடந்தார்.

"மெதுவாப்பா. மண்ணை ஒட்டியே போகட்டும். தூக்கித் தூக்கி வீசினா காத்துலதான் புதையல் தேடணும்."

"இது என்ன, பன்னி உறுமுற மாதிரி சத்தம்?"

"இரும்பு. ஏதாவது ஆணியா இருக்கும், விட்டுத் தள்ளு. மெலிசா மணியடிச்ச மாதிரி கேக்கும் பாரு, அதுக்குக் குனி. நம்ம வயசுல எல்லாத்துக்கும் குனிஞ்சா நாளைக்கு நிமிர மாட்டோம்."

எப்படி மண்ணை வட்டமாக வெட்டித் தூக்குவது, தோண்டியதை எப்படி மூடி மிதித்துவிட்டு வருவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். மணியடித்த முதல் இடத்தில் டெரிக் மண்டியிட்டுக் கால்மணி நேரம் தோண்டினார். பீர் டின்னின் மூடி வளையம் வந்தது. இரண்டாவது இடத்திலும் அதுவே.

"ஹில்டா பார்த்திருந்தா சிரிச்சே செத்திருப்பா" என்றார் டெரிக். சொன்ன சொல் அவருக்கே சுருக்கென்று தைத்தது. கையில் இருந்த வளையத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "போலாமா?" என்றார்.

"டீயைக் குடிச்சிட்டுப் போலாம்" என்று மெர்வின் அவரை வேலியோரத்தில் உட்கார வைத்து, ஃபிளாஸ்க்கையும் சீஸ் சாண்ட்விச்சையும் கொடுத்தார்.

மெர்வினின் சட்டைப் பையில் ஒரு புகையிலை டப்பா இருந்தது. அதற்குள் பஞ்சில் சுற்றிய ஒரு வெள்ளிக் காசு. எழுநூறு வருடத்துப் பழசு, விரல் நகமளவு. நாலு வருடத்துக்கு முன்னால் முப்பது மைல் தள்ளி வேறொரு வயலில் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் சொல்லிப் பதிந்திருக்க வேண்டும். பிரிய மனமில்லாமல் சொல்லாமலே வைத்துக்கொண்டார். பாலினைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. டெரிக்குக்குக் காட்டினால் கொஞ்சம் உற்சாகம் வரும் என்றுதான் அன்றைக்கு எடுத்து வந்திருந்தார்.

ஆனால் காட்டவில்லை. டெரிக் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, மெர்வின் நாற்பதடி தள்ளிப் போய்க் குனிந்து, அதை மூன்று அங்குலம் மண்ணுக்குள் அழுத்திவிட்டு வந்தார்.

"கடைசியா அந்தப் பக்கம் ஒரு நடை நடந்து பாரு. அப்புறம் போயிடலாம்."

மணியடித்தது. டெரிக் குனிந்தார். விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெர்வ்! மெர்வ், இங்க ஓடி வாயேன்! தலை தெரியுதுய்யா, ராஜா தலை!"

அறுபத்தேழு வயது மனிதர், உள்ளங்கையில் காசை ஏந்திக்கொண்டு, முழங்காலெல்லாம் மண்ணோடு, கண்ணீர் வழியச் சிரித்தார். அரைமணி நேரத்துக்கென்று வந்தவர் பொழுது சாயும்வரை வயலைவிட்டு நகரவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பிய மெர்வின் பேருந்து ஓட்டிய காலத்துப் பாட்டையெல்லாம் பாடினார்.

காசு டெரிக்கின் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். டெரிக்கோ ஆயுள் முழுக்கப் படிவம் நிரப்பிப் பழகியவர். விதிப் புத்தகத்தை வரவழைத்து, ஒரு வரி விடாமல் படித்து, யட்டிங்கிடம் சொல்லிவிட்டு, காசை அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய்விட்டார். அங்கே ரோவினா என்ற பெண் அதிகாரி அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டாளாம். அதை அடித்த நாணயச்சாலையின் காசு எதுவும் அந்தப் பக்கத்து மண்ணில் அதுவரை கிடைத்ததே இல்லை. அங்கே பழைய சந்தை ஒன்று இருந்திருக்கலாம் என்று ஊகித்தாள். வசந்தத்தில் மாணவர்களைக் கூட்டி வந்து தோண்டிப் பார்க்க ஏற்பாடானது. யட்டிங் எட்டு ஏக்கரை விதைக்காமல் விட ஒப்புக்கொண்டார்.

டெரிக் மாறிப்போனார். முகம் மழித்தார். டை கட்டினார். கிராம மண்டபத்தில் புதையல் தேடுவோர் சங்கத்தின் முன்னால், கையில் எழுதிய தாளோடு நின்று அரைமணி நேரம் பேசினார். "என் குரு இதோ உட்கார்ந்திருக்காரு" என்று அவர் கைகாட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். மெர்வினுக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் பாலின்.

"சொன்னா அவன் உடைஞ்சு போயிடுவான்."

"அந்தப் பிள்ளைங்க வந்து வெறும் மண்ணைத் தோண்டிக்கிட்டுப் போகட்டுமா?"

ஆறு வாரம் தள்ளிப்போட்டார். நவம்பரில் ஒரு காலை, டெரிக்கின் சமையலறை மேஜையில் விரித்திருந்த வயல் வரைபடத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார்.

டெரிக் கத்தவில்லை. பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தார்.

"நான் டீ குடிச்சிக்கிட்டிருந்தப்பவா?"

"ஆமா."

"நான் அழுதேனே, அதையும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னே?"

"உனக்கு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு…"

"அவ போனதுக்கப்புறம் எனக்குன்னு நடந்தது அது ஒண்ணுதான், மெர்வ். அதுவும் நீ போட்ட பிச்சையா?" டெரிக் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "அந்த வளையங்களாவது நிஜந்தானே? இல்ல, அதையும் நீதான் வச்சியா?"

மெர்வின் அங்கிருந்து நேரே அருங்காட்சியகத்துக்குப் போனார். ரோவினா திட்டவில்லை; பதிவை நீக்கிவிட்டு, அது உண்மையில் எந்த வயலில், எந்த மூலையில் கிடைத்தது என்று கேட்டாள். வயலைச் சொன்னார். மூலை அவருக்கு மறந்துபோயிருந்தது. "அப்ப இதால யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை" என்று அவள் காசை உறையில் போட்டு மூடினாள். யட்டிங் இரண்டு வரியில் கடிதம் எழுதினார்: இனி என் நிலத்தில் கால் வைக்க வேண்டாம். சங்கத்தில் அவரை வைத்துக்கொள்ளலாமா என்று கை தூக்கச் சொன்னபோது, மெர்வினுக்காக ஒரு கைகூட எழவில்லை.

டெரிக் அந்தப் பழைய டிடெக்டரைத் துடைத்து மெர்வினின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அழைப்பு மணியைக்கூட அடிக்கவில்லை. மண்டபத்தில் டெரிக்கைப் பார்த்தவர்கள், "ராஜா தலை எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு முறை கேட்டதோடு அவர் மண்டபத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டு லெஸ்டரில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். வேன் கிளம்பும்முன் பாலினிடம் வந்து கைகுலுக்கினார். தோட்டத்தில் நின்ற மெர்வினின் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது மெர்வின் கடற்கரைக்குப் போகிறார். அங்கே யாருடைய தயவும் வேண்டியதில்லை. அலை பின்வாங்கிய ஈர மணலில், தண்ணீர் பாதத்தில் பட்டும் படாமலும், தனியாக நடக்கிறார். போன கோடையில் ஒரு நடுத்தர வயது ஆள் புத்தம்புதுக் கருவியை அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"இன்னிக்குத்தான் முதல் தடவை, சார். எப்படிப் பிடிக்கணும்னுகூடத் தெரியல. கொஞ்சம் காட்டிக் குடுப்பீங்களா?"

"வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மெர்வின் டிடெக்டரின் ஹெட்போனை இழுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.