நாங்கள் இருவரும் பாராத சாங்போ ஆறு

பிள்ளைகளே, ஆறு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும் என நான் ஒருமுறை பெரிதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. மாரியில் அது ஆறு. மழை விட்டால் வயல். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான், புலம்பெயர்ந்து வந்து பார்க்டேல் என்ற இடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்த காலத்தில், திபெத்தின் சாங்போ ஆற்றுப் பள்ளத்தாக்கை என் மகளுக்குச் செய்துகொடுக்க இறங்கினேன்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் ஆளுக்கோர் ஆறு கொடுத்திருந்தார்கள். அதன் மாதிரியைத் திங்கட்கிழமை கொண்டுபோய் எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும். அவளுக்கு ஒரே பயம்தான்: வகுப்பு சிரிக்கக் கூடாது. முந்தைய முறை நான் செய்துகொடுத்த பனிக்கட்டி வீட்டுக்கு, காற்று வரட்டும் என்று நாலு யன்னல் வைத்திருந்தேன். அன்று வகுப்பு சிரித்த சிரிப்பை அவள் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பழைய பேப்பரை ஊறவைத்து, கோதுமை மாவோடு குழைத்து, ஒரு பலகையில் மலைகளை எழுப்பினேன். நடுவே ஆறு. மகள் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் அசையாமல் நின்றது.

"அப்பா, இது ரிவர் இல்லை, சுவிமிங் பூல்."

"கொஞ்சம் பொறு பிள்ளை, யோசிச்சுத்தான் ஓடும்."

அவள் பொறுக்கவில்லை. நாலாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த திபெத்துக்காரரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் கர்நாடகத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர். குளிர்காலத்தில் மதுரைக்குப் போய் நடைபாதையில் சுவெட்டர் விற்றதில் தமிழ் பிடித்துக்கொண்டவர். மதுரை வெயிலில் சுவெட்டர் விற்றவர் எதையும் விற்பார் என்று எனக்கு அவர்மேல் முதலே ஒரு சந்தேகம்.

அவர் பலகையைப் பார்த்தார். எங்கள் இரண்டு டெலிபோன் புத்தகங்களை எடுத்து மேற்குப் பக்கத்துக்கு அடியில் அண்டை கொடுத்து உயர்த்தினார்.

"எங்க ஆறு மேக்கேயிருந்து கெழக்கே போகும்ணா. அப்புறம் பெரிய மலையைச் சுத்தித் திரும்பி, இந்தியாவுக்கு வந்து பிரம்மபுத்திரா ஆயிடும்."

தண்ணீர் ஓடியது. கார்ப்பெட்டிலும் ஓடியது.

பிறகு ஊர்களை வைக்கத் தொடங்கினார். சேதாங் நகரம், ஓர் ஆதிக் குரங்கின் பிள்ளைகள் விளையாடிய இடமாம். திபெத்து மக்கள் எல்லாருமே அந்தக் குரங்கின் வம்சமாம். அதற்குத் தெற்கே ஒரு பாறை முனையில் முதல் அரசனின் கோட்டை. பக்கத்தில் முதன்முதலாகப் பார்லி விதைத்த வயல். ஆற்றங்கரையில் மணற்குன்றுகள்.

"பனிமலையிலை மணலோ? தம்பி, உது எங்கட யாழ்ப்பாணத்து மணற்காடு. காதிலை பூ வைக்காதையும்."

"ஆத்து மணலைக் காத்து அள்ளிட்டு வருதுண்ணா."

அடுத்தது படகுக்காரன். அவன் படகு யாக் மாட்டுத் தோலில் செய்தது. ஆற்றோடு கீழே போவான். எதிர்த்து வர முடியாது என்பதால், படகைக் கவிழ்த்து முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்புவான். அவனுடைய சாமான் பையைச் சுமந்துகொண்டு ஒரு செம்மறியாடு கூட வரும்.

"ஆடோ! பிள்ளை, உவர் இப்ப எனக்கொரு சுவெட்டர் விக்கப்போறார், பார்."

மகள் என்னைக் கவனிக்கவில்லை. தாளில் மடித்த சின்ன வீடு ஒன்றை நீட்டினாள். "அங்கிள், உங்கட வீட்டை எங்க வைக்கிறது?"

அவர் அந்த வீட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "தெரியாதும்மா. நான் பொறந்ததே கர்நாடகாவில. அங்க போனதே இல்ல. எல்லாம் எங்க அம்மா சொன்னதுதான்."

"பாத்தியே!" என்று நான் துள்ளினேன். "உவரும் பாக்கேல்லை!"

"நீங்களும் நல்ல ரிவர் பாக்கேல்லைத்தானே அப்பா."

அன்று பின்னேரம் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தாள். அதிலிருந்த படத்தில் ஆறு பல கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. கரையில் மணற்குன்று, பின்னால் பனிமலை. நான் விளையாட்டுத் திடலுக்குப் போய் ஒரு கோப்பை மணல் அள்ளிவந்தேன். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஆட்டைக் காணவில்லை.

"ஆட்டை விடு பிள்ளை, சிரிப்பாங்கள்."

இப்போது திபெத்துக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "வேணாம்மா. எங்க அம்மா சும்மா சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாங்க."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பஞ்சு எடுத்து ஆட்டைச் செய்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் கட்டிட வாசலில் நின்றேன். அவரும் நின்றார். கடிதம் எடுக்க வந்தவர்போலத் தபால் பெட்டியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். மகள் வந்தாள்.

"சிரிச்சவையோ?" என்றேன்.

"ஓம். எல்லாரும். டீச்சரும் சிரிச்சவ."

நான் அவளுடைய புத்தகப்பையை வாங்கிக்கொண்டேன். அவர் கிட்ட வந்து குனிந்து கேட்டார். "படகைத் தூக்கினப்பவா, ஆடு வந்தப்பவா?"

"ஆடு வரேக்கை, அங்கிள். கையைத் தட்டித் திரும்பச் சொல்லச் சொன்னவை. ரெண்டு தரம் சொன்னனான்."

அவர் தபால் பெட்டியைப் பூட்டினார். முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார்.

"எங்க அம்மா சொல்றப்ப அந்த எடத்துலதாண்ணா நாங்களும் சிரிப்போம்."