தேய்ந்த விரலும் இரண்டு நாடுகளும்

பிழைப்புக்காகக் கடல் கடந்த உங்கள் வீட்டார் ஒருவர் அங்கே பெயரற்ற உடலாகக் கிடந்தால், அவர் உங்களுடையவர் என்று எதைக் காட்டி நிறுவுவீர்கள்? செஞ்சித் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுவது என் தொழில். அரசு வாசல்களில் கால்கடுக்க நின்றவர்களே, இது உங்களுக்கும் பழகிய வலிதான்.

எலுமிச்சம்பழம்

சிங்கவரத்துக் கொத்தனார் ஆரோக்கியசாமி வெளிநாட்டுக் கட்டட வேலைக்கு விண்ணப்பம் எழுத வந்தார். அந்த நகரில் முன்பொரு குண்டு வெடித்திருந்ததால், தீவிரவாதத் தொடர்பு இல்லையெனச் சான்று கேட்டார்கள். குற்றமற்றவரும் தம் குற்றமின்மையைச் சுமந்து திரியவேண்டிய காலம் இது.

அந்தச் சான்றுக்காகக் கை வைத்தபோது விரல்ரேகை இயந்திரம் மூன்று முறை மறுத்தது. இருபது ஆண்டுச் சிமெண்டு ரேகையைத் தின்றிருந்தது. மனைவி லூர்துமேரி எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர் விரல்களை அழுத்தித் தேய்த்தார். பிறகு ஏதோ மங்கலாகப் பதிந்தது. ஆரோக்கியசாமி சிரித்தார்: "ரேகை இல்லாத கைக்குத் திருட்டுத்தான் தோது ரைட்டரே. நான் பாருங்க, செவுரு கட்டப் போறேன்."

உத்தரியம்

அவர் போன எட்டாம் மாதம் அந்நகரச் சந்தையில் மீண்டும் குண்டு வெடித்தது. காய் வாங்கப் போன அவர் அறைக்குத் திரும்பவில்லை. சிதைந்த உடல்கள் எதனோடும் கோப்பிலிருந்த மங்கல் ரேகை பொருந்தவில்லை. பொருந்தாத உடல்களைச் சந்தேகத்துக்குரியவை என ஒதுக்கி, விசாரணை முடியும்வரை காட்ட மறுத்தார்கள். நிறுவனமும் வேலையை மூடி, உடனிருந்தோரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

லூர்துமேரி தம் கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்த சிறு துணிக்கயிற்றை, எடுத்துக் காட்டினார். கணவருடையதையும் இதேபோல் தம் சேலைக்கரை நூலால் தைத்து, மாதா பெயர் சொல்லி அணிவித்தாராம். ஒதுக்கிய உடல்களில் அது கிடக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்பக் கேட்டு ஐந்து மனு எழுதினேன். ஐந்தாவதில் கையெழுத்திடும்போது அவர் கேட்டார்: "சந்தேகப்பட்டவன் பேர ஒரே நாள்ல நாடு நாடா அனுப்புறாங்களாமே, எம் புருசன் கழுத்துல கெடக்கற துணிய ஒருத்தர் பாத்துச் சொல்லக் கூடாதா?"

முள்வேலி

எங்கள் பக்கத்தில் ஒரு பழங்கதை உண்டு: ஏரிக்கரையை உடைத்தவனைப் பிடிக்க இரண்டு ஊர்கள் ஒன்றுகூடி வழியெங்கும் முள்வேலி அடைத்தனவாம். வெள்ளத்தில் செத்தவர்களைத் தூக்கப் போனவர்களைத்தான் அந்த வேலி நிறுத்தியதாம். உலகம் இன்று அந்த ஏரிக்கரைதான். அஞ்சிக் கைகோத்த நாடுகளே, அழுவோருக்காகவும் ஒருமுறை கைகோக்கலாகாதா?

உடலோடு பொருத்திப் பார்க்க அவர் பிள்ளையின் இரத்த மாதிரியையாவது அனுப்புங்கள் என்று தாலுகா அலுவலகத்தில் மன்றாடினேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்: "அதுக்கு ரெண்டு நாட்டுக் கையெழுத்தும் வேணும்யா. நான் ஒரு கையெழுத்துக்கே மூணு மாடி ஏறிட்டு இருக்கேன்."

நாளை திங்கட்கிழமை, ஆட்சியரின் குறைதீர் நாள். ஊரே சேர்ந்து கேட்கும் ஆறாவது மனு என் வீட்டு மேசையில் விரிந்திருக்கிறது. இரக்கப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். இன்று மாலைக்குள் வந்து உங்கள் பெருவிரலைப் பதியுங்கள்: ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கை தேய்ந்தவர் தம் வீடு திரும்ப, தேயாத விரல்கள்தாம் இன்று சான்று சொல்லவேண்டியிருக்கிறது.