பெயிண்டுக்கு அடியில் எட்டு

பிள்ளைங்களா, அப்பா ஏன் ஆயுத பூஜைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறேன்னு கேட்டீங்களே, அதுக்கு முதலில் ஒரு மோட்டாரைப் பற்றித் தெரிஞ்சிக்கணும்.

நான் வேலை பார்த்த திருவொற்றியூர் கம்பெனியில், பாக்கெட்டை அழுத்தி ஒட்டுகிற மெஷினின் தாடையை மேலும் கீழும் நகர்த்தியது ஒரு சர்வோ மோட்டார். சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் அதில் கிடையாது. நடுவில் சுற்றும் உருளையில் காந்தங்களை ஒட்டியிருப்பார்கள். சில வகையில் இரும்புக்குள்ளேயே புதைத்திருப்பார்கள். வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வரும் அந்த முனைகளைத்தான் போல் என்போம். ஒன்றில் ஆறு போல், இன்னொன்றில் எட்டு. வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே உடம்பு. ஆனால் கரண்ட் அனுப்புகிற டிரைவ் பெட்டியில் எத்தனை போல் என்று சரியாகப் போட்டு வைக்கணும். எட்டை ஆறு என்று போட்டால், சுற்றியிருக்கும் எந்தக் கம்பிச் சுருளுக்கு எப்போது கரண்ட் விடுவது என்று அதற்குக் குழம்பிவிடும். மேலே போக வேண்டிய தாடை கீழே துள்ளும்.

துள்ளியது. எங்கள் லைனில் வேலை செய்த காசிமேட்டு அக்காவின் ஆள்காட்டி விரல் நசுங்கியது.

ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில், ஒருநாள் முதல் ஷிப்டில் பழைய மோட்டார் எரிந்துபோய், கான்ட்ராக்ட் ஆட்கள் ஸ்டோரில் கிடந்த ஸ்பேரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தண்டையார்பேட்டை குடோனில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் சரக்கு அது. மானேஜர் தானே பட்டனை அழுத்தினார். தாடை மெதுவாக மேலே ஏறும்போது அடியில் பாக்கெட் பிலிமைக் கையால் நேராக்குவது அங்கே தினப்படி வேலை. அக்காவும் அதைத்தான் செய்தது.

"நான் இன்னா பண்ணேன் நைனா? மேல போவ வேண்டியது கீய வந்துச்சு!" என்று ரத்தத்தோடு கத்தியது.

"அஜாக்கிரதை" என்றார் மானேஜர். அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் டிரைவ் கம்பெனி இன்ஜினியர் வந்து எத்தனை போல் என்று எழுதியிருக்கும் மோட்டாரின் பெயர்த் தகட்டைத் தேடினார். தகடு இருந்தது, எழுத்து இல்லை. பூஜைக்குப் பளபளன்னு இருக்கணும் என்று மானேஜர் சொல்லி, ஸ்டோரில் இருந்த ஸ்பேர் வரைக்கும் தகட்டோடு சேர்த்து சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதன்மேல் சந்தனம், குங்குமம் வேற. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்தார். எட்டு போல். டிரைவில் பழைய மோட்டாரின் ஆறே இருந்தது.

"அந்தம்மா மேல தப்பு இல்ல சார்" என்றார் இன்ஜினியர்.

"நீங்க மெஷினை ஓட வைங்க, போதும்" என்றார் மானேஜர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. "அப்போ அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க சார்" என்றேன்.

"உனக்கு இன்னாப்பா ஆவணும் அவ? சொந்தமா?" என்று மானேஜர் எங்கள் பேச்சையே நக்கலாகப் பேசிச் சிரித்தார். எட்டு என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் சிரித்தார்! அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அக்காவைக் கூப்பிடவே இல்லை. கட்டுப்போட்ட கையோடு அது மார்க்கெட்டில் மீன் வெட்ட உட்கார்ந்தது.

அடுத்த வருஷமும் பூஜை வந்தது. அதே சில்வர், அதே பளபளப்பு. எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு தின்னரில் துணியை நனைத்து, ஒவ்வொரு மோட்டாராகப் போய், பொட்டு, பெயிண்ட் எல்லாவற்றையும் தகட்டில் எழுத்து தெரிகிற வரைக்கும் துடைத்தேன்.