தொரை வீட்டுக் கதவைத் தட்டலாமா?

மார்ட்டின் இறந்துவிட்டார்.

பெயரைப் பார்த்து யாரோ நம்மூர் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நெதர்லாந்துக்காரர். இலங்கை மலையகத்தில் பெரகல சந்திக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைத் தாண்டிப் போகும் பாதையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தவர். நாலைந்து வருடப் பழக்கம். இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு, இந்தப் பக்கம் வந்து குடியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் நான்தான் இலவச மொழிபெயர்ப்பாளன். விசா புதுப்பிக்க வேண்டுமா, கேஸ் சிலிண்டர் கிடைக்கவில்லையா, த்ரீவீலர்காரர் டபுள் விலை சொல்கிறாரா – போன் எனக்குத்தான் வரும்.

வெள்ளைக்காரன் என்றாலே பணக்காரன் என்று நமக்கு ஒரு நினைப்பு. மார்ட்டின் தன் ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த பென்ஷனை வைத்து அங்கே காலம் தள்ள முடியாது, இங்கே தள்ளலாம் – அவ்வளவுதான் கதை. வெலிமடை லீக்ஸை வாங்கி சூப் வைத்துக் குடிப்பார். கூரை ஒழுகினால் தானே சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். ஆனாலும் லயத்துச் சனத்துக்கு அவர் 'தொரை'தான். "நான் தொரை இல்லை, தபால்காரன்" என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். மறுநாளிலிருந்து 'தபால் தொரை' ஆகிவிட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. அவர் மகள் அங்கிருந்து போன் செய்தார். செவ்வாயிலிருந்து அப்பா போன் எடுக்கவில்லை... கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா?

பண்டாரவளையிலிருந்து த்ரீவீலர் பிடித்து ஓடினேன். நல்ல மழை. கேட்டுக்கு வெளியே நாலைந்து பெண்கள் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் செல்வராணி. கீழே லயத்தில் இருப்பவர், கொழுந்து பறிக்கிறவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பேர் கொடுக்கப் போவது மார்ட்டின் வீட்டைத் தாண்டித்தான்.

"பகல்லயும் லைட்டு எரியுதுங்க சார். கதவு தெறக்கவே இல்ல. பேக்கரிக்காரரு மாட்டிட்டுப் போன பாணு அப்படியே தொங்குது."

"தட்டிப் பார்த்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"தொரை வீட்டுக் கதவ நாங்க எப்படிங்க தட்றது?"

நான் போய்த் தள்ளினேன். கதவு பூட்டியிருக்கவே இல்லை.

குளியலறையின் ஈரத் தரையில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிருந்தது. உயிர் இருந்தது. பக்கத்தில் நசுங்கிப்போன ஒரு அலுமினியக் கோப்பை.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நினைவு வருவதும் போவதுமாக இருந்தார். ஒருமுறை மட்டும் தெளிவாகப் பேசினார். காலையில் பெண்கள் பேசிக்கொண்டு போவது அவருக்குக் கேட்டதாம். கத்திக் கூப்பிடக் குரல் வரவில்லையாம். அதனால் கோப்பையை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் தட்டினாராம்... தட்டிக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் மதியம் போய்விட்டார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

செல்வராணியிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். சத்தம் ஏதாவது கேட்டதா?

"கேட்டுச்சுங்க. போறப்பவும் கேட்டுச்சு, வர்றப்பவும் கேட்டுச்சு. தொரை என்னமோ ரிப்பேர் பண்றாருன்னு நெனச்சோம்ங்க..."

அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

யோசித்துப் பாருங்கள். லயத்தில் இப்படி நடக்குமா? அங்கே வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுடுதண்ணீர் வரும். அடுப்பு பற்றவில்லை என்றால் 'என்னா, எந்திரிக்கலியா?' என்று சுவரில் அடி விழும். அந்தச் சனம்தான் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றது. கூப்பிடாமல் பங்களாப் படி ஏறக்கூடாது என்று அவர்களுக்கு எத்தனை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்! சொன்ன வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் எல்லாம் எப்போதோ கப்பலேறிப் போய்விட்டார்கள். சொல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதற்கு ஒரு அப்பாவித் தபால்காரர் பலி.

மார்ட்டினும் லேசுப்பட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போவதற்கே முதலில் போன் செய்து கேட்கிற ஊர்க்காரர். 'பாவம், வேலை செய்து களைத்து வருகிறவர்கள், தொந்தரவு கொடுக்கக்கூடாது' என்று லயத்துப் பக்கமே போகமாட்டார். இவர்கள் அவருக்குக் கொடுத்தது மரியாதை. அவர் இவர்களுக்குக் கொடுத்ததும் மரியாதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

மகள் வர முடியவில்லை. இங்கேயே அடக்கம் செய்துவிடச் சொல்லிவிட்டார். பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு லயமே திரண்டு வந்தது. ஹாலில் நிற்க இடமில்லை. அந்த வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாதையில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஜூடி என்று ஒரு இங்கிலாந்து அம்மா இருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். அவரும் தனி. போன வாரம் அவரிடமிருந்து போன். புகார்! பெரட்டுக்குப் போகிற பெண்கள் சுற்று வழியில் மேலே ஏறி வந்து கதவைப் போட்டு இடிக்கிறார்களாம் – தினமும், விடிந்தும் விடியாமலும். "அமைதிக்காகத்தானே இங்கே வந்தேன்? நிறுத்தச் சொல்ல முடியுமா?"

சொல்வதுதானே மொழிபெயர்ப்பாளன் வேலை? செல்வராணியிடம் போய்ச் சொன்னேன்.

"நிறுத்த முடியாதுன்னு சொல்லிருங்க சார். உள்ளருந்து கொரலு வந்தாத்தான் நாங்க நகருவோம்."

"குரல் வரலைன்னா?"

"கதவ ஒடச்சிருவோம்."

"அந்தம்மா கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும்ங்க. கோவிச்சுக்கிறதுக்கு ஆளு இருக்கணும்ல?"