பேசாமல் நடத்திய ஒளியியல்

பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திய ஆசிரியையை மாணவர்கள் ‘வெண்கலம்’ என்று அழைத்தார்கள். நேரில் அல்ல, படிக்கட்டில் அவர் தலை தெரிந்ததும் ஒருவர் மற்றவருக்குத் தரும் எச்சரிக்கையாக. அந்தப் பட்டப்பெயரில் ஏளனம் இல்லை. மேல்மாடியில் அவர் நிலைமத்தை விளக்கினால், கீழே மிதிவண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்கும் அது பாடமாகிவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. தமக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை ஒருநாளும் அவர் காட்டிக்கொண்டதில்லை.

கல்லூரி முடித்த கையோடு அந்தப் பள்ளியில் சேர்ந்தவர். தலைமுடியின் முன்பக்கம் நரைக்கத் தொடங்கிய இந்த வயதுவரை வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை. கணவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரே மகன் படிப்பு முடிந்து வெளியூரில் வேலையில் இருந்தான். வீடு, பள்ளி, விடைத்தாள், மறுபடி வீடு என்று அவருடைய நாள்கள் ஓடின. அந்த ஓட்டத்தில் அவருக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்குத் தொடுதிரைப் பலகைகள் வந்தபோது அவற்றை வரவேற்காதவர்களில் அவர் முதல் ஆள். படம் பார்க்க இது என்ன கொட்டகையா என்று ஆசிரியர் அறையில் கேட்டார். மற்றவர்கள் அதைப் பழகிக்கொண்டிருக்க, தம் வகுப்புப் பலகையின் மேல் தேர்வுக்கால அட்டவணையைப் பசைநாடாவால் ஒட்டிவைத்தார். ஒட்டுவதற்கு நல்ல வழவழப்பான இடம் என்று பாராட்டவும் செய்தார். கணினி ஆசிரியர் வயதில் இளையவர். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தம் முகத்திலேயே அதை ஒட்டியதுபோல நின்றுவிட்டுப் போவார்.

அந்த ஆண்டு முதல் பருவத் தேர்வு முடிந்த வேளையில் வெண்கலத்தின் தொண்டை கட்டியது. வெந்நீர் குடித்தார்; மிட்டாய் மாத்திரைகளைச் சப்பினார். கட்டு அவிழவில்லை. மதியத்துக்கு மேல் குரல் உடைந்து, சில எழுத்துகள் வெறும் காற்றாகவே வெளிவந்தன. டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லிக் கணவருக்கும் தொண்டை கட்டும் நிலை வந்த பிறகே போனார். தொண்டை மருத்துவரான அந்த அம்மாள் சின்னக் கேமரா ஒன்றை உள்ளே செலுத்தி, குரல்நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டிலும் எதிரெதிரே இரு சிறு காய்ப்புகள். மண்வெட்டி பிடிப்பவர் கையில் காய்ப்பது போலத்தான் இதுவும் என்றார். அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு சில வாரம் ஒரு சொல்லும் பேசக் கூடாது. வகுப்பறைப் பேச்சை ஆண்டுக் கடைசிவரை நினைத்தே பார்க்கக் கூடாது.

“கிசுகிசுன்னு பேசிக்கலாமா டாக்டர்?” என்று கேட்டார்.

“அது கத்துறதைவிட மோசம்.”

வெளியே வந்ததும் கணவர் வண்டியை எடுக்காமல் சற்று நின்றார். “கல்யாணம் ஆன நாள்லேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இனிமே நம்ம வீட்டுல நான் பேசுவேன், நீ கேட்ப,” என்றார். சிரித்தால் தொண்டைக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் கேட்காமல் வந்துவிட்டதால் ஆசிரியை சிரிக்கவில்லை. உண்மையில் அவருக்குச் சிரிப்பும் வரவில்லை. அந்தப் பத்தாம் வகுப்பை எட்டாம் வகுப்பிலிருந்து கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தவர் அவர்தான். பொதுத்தேர்வு ஆண்டில் அதை நட்டாற்றில் விடுவதா என்பதுதான் அவருக்கு அப்போது ஓடிய ஒரே எண்ணம்.

தலைமை ஆசிரியையின் எண்ணம் வேறாக இருந்தது. அதிலும் நியாயம் இருந்தது. ஆசிரியை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்பைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்து ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிடலாம். பக்கத்துப் பிரிவோ ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் பின்வரிசைக்குப் பாடம் எட்டாது, யாருக்கு என்ன புரியவில்லை என்பதும் தெரியாது என்று இவர் வாதாடினார்.

“பேச முடியாதவங்களை வகுப்புக்கு அனுப்பியிருக்கீங்களேன்னு பெற்றோர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது டீச்சர்?” என்றார் தலைமை ஆசிரியை.

அந்தக் கேள்விக்கு விடையோடு வந்தவர் கணினி ஆசிரியர். அறுவைக்கு இன்னும் சில நாள்கள் இருக்கின்றன; கழுத்தருகே குத்திக்கொள்ளும் சிறிய மைக் இருந்தால் குரலை உயர்த்தவே வேண்டாம்; ஒளி, மின்சாரம் ஆகிய அலகுகளைப் பதிவுசெய்துவிடலாம்; வகுப்பில் பதிவு ஓடட்டும், டீச்சர் கூடவே நிற்கட்டும், தேவையானதைத் தட்டச்சு செய்து திரையில் காட்டட்டும் என்றார். தலைமை ஆசிரியை யோசித்தார். ஒரு வாரம் நடத்துங்கள், கடைசி நாள் நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், அதன் பிறகு முடிவு என்றார்.

பதிவு அத்தனை எளிதாக இல்லை. வீட்டுக் கூடத்தில் கைப்பேசியைப் பார்த்துப் பேச உட்கார்ந்த ஆசிரியைக்கு நாக்கு எழவில்லை. சுவரைப் பார்த்து ஒளிவிலகலைச் சொல்ல முடியவில்லை என்றார். கடைசியில் பள்ளி விட்ட பிறகு காலியான வகுப்பறையில், வெற்றுப் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்றதும்தான் பேச்சு வந்தது. வந்த பேச்சு அடிமுதல் நுனிவரை வழக்கமான பேச்சாகவே வந்தது. கேள்வி கேட்பார், ஒரு மூச்சு நிறுத்துவார், “சரி, உட்காரு” என்பார், தொடர்வார். நடுநடுவே “ஜன்னல் பக்கம் என்ன வேடிக்கை?” என்பதும் “கடைசி பெஞ்ச், பேச்சு வேண்டாம்” என்பதும் தம்பாட்டில் வந்து விழுந்தன. தாம் அவற்றைச் சொன்னதே அவருக்குத் தெரியாது. பதிவுகளைத் திருப்பிக் கேட்டுச் செப்பனிட நேரமும் இருக்கவில்லை. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார்.

ஓய்வு முடிந்து, சொல்லற்ற ஆசிரியையாக அவர் வகுப்புக்குள் வந்த முதல் நாள், பலகையில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கணினி ஆசிரியர் மிக்க மரியாதையோடு உரித்தெடுத்தார். பதிவு ஓடத் தொடங்கியது. ஒளிக்கதிர் என்றால் என்ன என்று குரல் கேட்டது. எவரும் வாயைத் திறக்குமுன் “சரி, உட்காரு” என்றது. நிற்காத யாரை உட்காரச் சொல்கிறது என்று வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அடுத்த கேள்வியில் முன்வரிசைப் பையன் ஒருவன் வேண்டுமென்றே எழுந்து நின்றான். “சரி, உட்காரு” வந்ததும் பணிவோடு உட்கார்ந்தான். வகுப்பு வெடித்துச் சிரித்தது.

பலகைக்கு ஓரமாக நின்ற ஆசிரியை சிரிக்கவில்லை. கோபமும் கொள்ளவில்லை. அவர் தம் கேள்விக்கும் தம் “சரி”க்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு பிள்ளை எழுந்து நிற்கத்தான் முடியும், யோசிப்பது எங்கே? இத்தனை ஆண்டுகளில் அவர் தம் வகுப்பைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த கேள்வி வந்ததும் பதிவை நிறுத்தினார். பள்ளி அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்த டேப்லெட்டுகளைக் கணினி ஆசிரியர் பெஞ்சுக்கு இரண்டாகக் கொடுத்தார். அவரவர் எழுதும் விடை பெரிய திரையில் வந்து விழும்படி செய்திருந்தார். ஆசிரியை ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோல், ‘யோசிச்சு எழுதுங்க. நான் காத்திருக்கேன்’ என்று தட்டினார். பேசும்போது ஒருபோதும் காத்திராதவர், பேச முடியாத நாளில் காத்திருந்தார்.

எல்லாம் சீராக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இணையம் நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. பக்கத்தவன் விடையை எழுத்துப் பிழையோடு பெயர்த்தவர்களும் உண்டு. ஒரே பிழை நான்கு டேப்லெட்டில் தெரியும்போது ஆசிரியை ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார். வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்குப் பதிவுகளை மறுபடி பார்க்க வழியில்லை. அவர்களுக்காக மதிய இடைவேளையில் கணினி அறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தார். ஆனால் இதுவரை குரலே கேட்டிராத பிள்ளைகளின் விடைகள் திரையில் வரத் தொடங்கின. அவர்களில் ஜன்னலோரம் உட்காரும் பெண் ஒருத்தி. நான்கு ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் படித்தவள்; எழுப்பி நிறுத்தினால் கண்ணில் நீர் கட்டுமே தவிர வாயில் சொல் வராது. வாரத்தின் கடைசிக்கு முந்தைய நாள் அவள் எழுதினாள்: ‘டீச்சர், கண்ணாடியில இடம் வலம் மாறுதுன்னா மேல் கீழ் மட்டும் ஏன் மாறலை?’

ஆசிரியை தட்டச்சு செய்தார், அழித்தார், மறுபடி செய்தார். எழுத எழுத விளக்கம் குழம்பியது. கடைசியில் ‘நாளைக்கு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். நாளை என்பது தலைமை ஆசிரியை வந்து உட்காரப்போகும் நாள் என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மாலை கடையில், வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடியைக் காலையில் பள்ளிக்குக் கொண்டுவந்து தரும்படி கணவருக்கு எழுதிக் காட்டினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “உடைச்சா வாங்கித் தரணும்,” என்று மட்டும் சொன்னார். மறுநாள் அதைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் ஏந்திவந்து, மேல்மாடி வரைக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியையும் அவர் அழைத்துவந்த பெற்றோர் சங்கத் தலைவரும் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார்கள். தலைவர் பருத்த உடம்புக்காரர். முழங்கால் மேசையில் இடித்தது. பதிவு ஓடியது. எதிரொளிப்பு விதிகள் பாதி நடக்கையில் அவர் தலைமை ஆசிரியையின் காதருகே சாய்ந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அதே கணம் சுவரிலிருந்த ஒலிபெருக்கி, அறுவைக்கு முந்தைய அந்தக் கரகரத்த அதட்டலில், “கடைசி பெஞ்ச், பேச்சு வேண்டாம்” என்றது.

தலைவர் நிமிர்ந்து கைகட்டி உட்கார்ந்தார். வகுப்பு முழுதும் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டது. தலைமை ஆசிரியையின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஆசிரியைக்கு மட்டும் காது மடல் சூடேறியது. வகுப்பு கையைவிட்டுப் போய்விட்டதென்றே எண்ணினார்.

ஆனாலும் ‘நாளைக்கு’ என்று எழுதிய சொல்லுக்குக் கடன்பட்டவராகப் பதிவை நிறுத்தினார். கண்ணாடியை மேசைமேல் நிறுத்தினார். கணினி ஆசிரியர் பக்கவாட்டில் நின்று கைப்பேசியைப் பிடிக்க, ஆசிரியையின் கையும் கண்ணாடிக்குள் இருக்கும் கையும் ஒன்றாகப் பெரிய திரையில் தெரிந்தன. ஆசிரியை ஜன்னல் பக்கம் விரல் காட்டினார். பிம்பமும் ஜன்னல் பக்கமே காட்டியது. கூரையைக் காட்டினார், அதுவும் கூரையைக் காட்டியது. பிறகு நேராகக் கண்ணாடியை நோக்கி விரலை நீட்டினார். பிம்பத்தின் விரல் அவரை நோக்கித் திரும்பி நீண்டது. அப்படியே நின்றார். நெடுநேரம் நின்றார்.

விடைகள் வந்தன. நமக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால்தான் என்றது ஒன்று. படுத்துக்கொண்டு பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டது மற்றொன்று. கேட்டவன் பெஞ்சில் சரிந்தே பார்த்துவிட்டான். ஆசிரியை தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுபடி ஜன்னல், கூரை, கண்ணாடி. பிறகு திரையின் அடியில் மெதுவாக ஒரு வரி ஏறியது: ‘இடம் வலம் மாறவே இல்லை டீச்சர். முன் பின்தான் மாறுது. உள்ள இருக்கறது நம்மளைப் பாத்துத் திரும்பி நிக்கற ஆள்னு நாமளா நெனச்சுக்கறோம்.’

ஜன்னலோரப் பெண் அதை எழுதிவிட்டு டேப்லெட்டின் மேல் கவிழ்ந்துகொண்டாள். ஆசிரியை இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிச் சத்தமில்லாமல் தட்டினார். கடைசிப் பெஞ்சில் ஒருவர் சத்தமாகவே தட்டினார். அது தலைவர்.

வகுப்பு கலைந்ததும் தலைமை ஆசிரியை நடைபாதையில் நின்றார். அந்தப் பெண்ணின் தாயார் ஒவ்வொரு ஆண்டும் வந்து, மகள் வகுப்பில் பேசுவதில்லையே என்று அழுதுவிட்டுப் போவதைச் சொன்னார். பிறகு, “வருஷம் முடியுற வரைக்கும் இந்த வகுப்பு உங்களுதுதான் டீச்சர். பெற்றோர் கேட்டா இனிமே தலைவரே பதில் சொல்லிக்குவார்,” என்றார். சற்று நடந்துவிட்டுத் திரும்பினார். “அந்தக் கடைசி பெஞ்ச் சமாசாரத்தை மட்டும் பதிவுலேருந்து வெட்டிடுங்க. மனுஷன் பயந்துட்டார்.”

ஆசிரியை அதை வெட்டவில்லை. வகுப்பு வெட்ட விடவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அப்படியே நடந்தது. நன்றி என்று சொல்ல அவருக்கு நிறையப் பேர் இருந்தார்கள்: பலகைக்காகப் பழிவாங்க நினைக்காத கணினி ஆசிரியர், மாடியேறிய கணவர், சந்தேகத்தோடு வந்து சந்தேகம் தீர்ந்து போன தலைமை ஆசிரியை. சிரித்தாலும் குழப்பம் செய்யாமல், விரல்கள் ஓயும்வரை எழுதிய பிள்ளைகள் எல்லாருக்கும் மேலே.

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பன்று மருத்துவர் சிறிது பேச அனுமதி கொடுத்தார். குரல் திரும்பியிருந்தது, வெண்கலம் திரும்பவில்லை. மென்மையான, தாழ்ந்த, முன்வரிசையைத் தாண்டாத குரல் அது. அவர் மைக்கைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தபோது வகுப்பில் கரகரவென்று சத்தம் எழுந்தது. நிமிர்ந்தார். எல்லாரும் பெஞ்சுகளை முன்னே இழுத்து, மேசையை ஒட்டி நெருக்கிப் போட்டு, அவர் வாயைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள்.

ஆசிரியை இழுப்பறையை மூடினார்.

“ரொம்ப நன்றி,” என்றார். “பரீட்சைக்கு ஆளுக்கு ரெண்டு பேனா எடுத்துட்டுப் போங்க.”