வெள்ளிமலைக்குப் போகும் வழியில் இரண்டு முழங்கால்கள்

மூன்று வருடமாக யாராவது ‘மலைக்குப் போகலாம்’ என்று பேச்செடுத்தாலே நான் சமையலறைக்குள் நழுவிவிடுவேன். என் மகள் யாழினிக்கு ஆறு வயதில் இரண்டு முழங்காலும் வீங்கின. குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாரத்தில் ஒருநாள் மாத்திரை, மறுநாள் முழுக்கக் குமட்டல் என்று காலம் ஓடியது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு வருடமாக வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். வெளியே தெரியாத அழற்சி மூட்டுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அவர் மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருகிறவர். “நல்லா வந்துச்சுன்னா அப்படியே கல்வராயன் மலை, சரியாம்மா?” என்று யாழினி பேரம் பேசினாள். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை கிளம்பினோம்.

எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் காலை ஏழு மணி பஸ். சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி சுமார் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பனியில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மரவள்ளியும் கரும்பும் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. நின்ற இடத்திலெல்லாம் பனிக்குள்ளிருந்து யாரோ முளைத்து வந்து ஏறினார்கள். யாழினி என் தோளில் தூங்க, நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். எல்லாம் ஊசி, மருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில். எனக்குக் கனவு காணக்கூட ஒழுங்காக வராது.

பஸ் நிலையத்துக்கு வெளியே கார் பேசினேன். நாள் முழுக்க, டீசல் உட்பட, 3,200 ரூபாய். ஓட்டுநர் அண்ணாமலை, கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்காரர். “ஆஸ்டல்ல படிக்கிற எம்பொண்ணையும் கூட்டினு போவணும்க்கா. பொங்கலுக்கு வூட்டுக்கு வருது. முன்னாடி குந்திக்கினு வரட்டுங்களா?” என்றார். போகிற வழியில் ஆஸ்டலில் ஏற்றிக்கொண்ட அவர் மகள் காவியாவுக்கும் ஒன்பது வயது. முன் சீட்டாவது ஒன்றாவது, ஐந்தே நிமிடத்தில் இரண்டும் பின் சீட்டில் தலையோடு தலை முட்டிக்கொண்டு சிரித்தன.

ஸ்கேன் அறையில் அதே இருட்டும் அதே ஜெல்லும். கர்ப்ப காலத்தில் பார்த்ததுதான். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். டாக்டர் கருவியை முழங்கால் மேல் தொட்டும் தொடாமலும் நகர்த்தினார்.

“அழுத்தினா சின்ன ரத்தக்குழாயெல்லாம் நசுங்கிடும்மா. அழற்சி இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டிடும்.”

திரையில் மார்கழி விடியலில் ஏரிக்கரையைப் பார்ப்பதுபோல எல்லாம் சாம்பல் நிறம். எலும்பு ஒரு வெள்ளைக் கோடு. அதையொட்டிக் குருத்தெலும்பு, கருப்பாக. இது என் மகளின் உள்ளே இருக்கிற ஊர் என்று மயங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் டாப்ளரைப் போட்டார். ரத்தம் ஓடும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் இரண்டு மூன்று மினுக்கின.

நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் என்று என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. மாத்திரை தொடரும், ஊசியும் சேரும். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“அவசரப்படாதீங்கம்மா,” என்றார் டாக்டர். “மூட்டுச் சவ்வு தடிக்கல, நீர் கோக்கல. புள்ளி குருத்தெலும்புக்குள்ளதான் தெரியுது. வளர்ற பிள்ளைங்களுக்கு அங்க ரத்தக்குழாய் இருக்கும். இன்னொரு முழங்காலோட ஒப்பிடலாம்னா இவளுக்கு ரெண்டுலயுமே நோய் வந்திருக்கு. இதே வயசுல, மூட்டு நோவே வராத பொண்ணு யாராவது கிடைச்சா சந்தேகமில்லாம சொல்லிடலாம்.”

ஓடினேன். அண்ணாமலை வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியேக்கா, அதுக்கு இன்னாத்துக்கு ஸ்கேனு?”

“ஒண்ணும் இல்லாததாலதான் கேக்குறேன்ண்ணே.”

விவரம் சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மகளோடு அவரும் உள்ளே வந்தார். ஜெல் பட்டதும் காவியா “ஐயோ, கூசுது!” என்று நெளிந்தாள். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த கால். திரையில் அதே வெள்ளைக் கோடு, அதே கருப்பு, அதே இடத்தில் அதே சிவப்பு.

“ரெண்டு பேரும் நல்லா வளர்றாங்க,” என்று டாக்டர் சிரித்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சிவந்ததெல்லாம் நோய். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம், மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்றார். திரும்ப வரவே வராது என்று அவர் சொல்லவில்லை. அந்த நேர்மையும் எனக்குப் பிடித்திருந்தது.

பதினொன்றரைக்குக் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் சாப்பிட்டு, கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். மூட்டு நோயுள்ள பிள்ளையோடு போகிறவர்கள் வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்திக் காலை நீட்டவிடுங்கள். வாந்திக்குக் கவர், ஸ்வெட்டர், டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். டீசலைக் கீழேயே போட்டுவிடுங்கள். மேலே போனில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. ஸ்கேன் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், போனில் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே ஏறுகிற மாதிரி தொளதொளப்பான பேன்ட் போட்டுவிடுங்கள். நான் இறுக்கமான ஜீன்ஸ் போட்டுவிட்டுத் திண்டாடினேன்.

பெரியார் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. அருவி தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. காரை ஓரங்கட்டினார் அண்ணாமலை. பிள்ளைகள் இறங்கி முன்னால் போனார்கள். வலி போய் ஒரு வருடம் ஆகியும் யாழினி தரையைக் கேட்டுக் கேட்டுத்தான் கால் வைப்பாள். ‘மெதுவா, பாத்து’ என்று நான் சொல்லிச் சொல்லி வந்த நடை அது. பள்ளி விடும் நேரத்தில் எத்தனை சீருடைகளுக்கு நடுவிலும் அந்த நடையை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிடுவேன். இப்போது மேகத்துக்குள் ஒரே உயரத்தில் இரண்டு நிழல்கள். இரண்டும் தடதடவென்று ஓடின. ‘மெதுவா’ என்று கத்த வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது?

“அண்ணே, இதுல எது யாழினி?”

அவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தெரியலியேக்கா. ரெண்டும் ஓடிக்கினு கீதுங்க.”

நான் கூப்பிடவில்லை.